பிள்ளையை ஒப்படைக்கும் விதி யாருடையது?

தண்ணீர்ப் பந்தல் நான் போட்டது. முதலுதவிக் கொட்டகை நான் போட்டது. ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசி நெரிசலில் மயங்கி விழுகிறவர்களைக் கொண்டுபோக மூங்கிலில் தூக்கு கட்டி, தூக்குகிற ஆட்களை ஒரே நடையில் நடக்கப் பழக்கியது நான். கொள்ளிடம் கரையை முட்டிக்கொண்டு ஓடிய ஒரு வருஷம், பரிசல்காரர்களை வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, குடிசைகளில் மாட்டிக்கொண்ட ஜனங்களை மேட்டுக்குக் கொண்டு சேர்த்தவனும் நான்தான். இன்றைக்கு எங்கள் தொண்டுச் சங்கத்துக்குத் திருச்சியில் இலவச வைத்தியசாலை இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பெண்கள் விடுதி இருக்கிறது. பாலக்கரையில், பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைப் பள்ளி இருக்கிறது. மூன்றுக்கும் கடைக்கால் தோண்டும்போது குழிக்குள் இறங்கி நின்றவன் நான். மேலே நின்று மாலை போட்டுக்கொண்டவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. இருக்கட்டும்.

நான் படித்தது மூன்றாவது. அதையும் முழுசாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். தமிழைக்கூட சங்கத்து நோட்டீஸ்களை வாசித்து வாசித்துத்தான் சரளமாக்கிக்கொண்டேன். அப்படிப்பட்டவன் இத்தனை வருஷம் ஒரு சங்கத்தைத் தோளில் சுமந்தேன் என்று சொன்னால் கர்வம் என்பார்கள். கர்வம்தான். அது சும்மா வரவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சங்கம் இப்போது ஒரு படிப்பு ஆரம்பித்திருக்கிறது. தொண்டு நிறுவனத்தை நடத்துவது எப்படி, அதில் தலைமை என்றால் என்ன என்று ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தருகிறார்கள். நல்ல காரியம். எங்கள் காலத்தில் தொண்டுக்கு மனசு இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். வெறும் மனசோடு கூட்டத்துக்குள் ஓடியவர்கள் எத்தனை பேரை மிதித்தார்கள் என்பதைப் பார்த்தவன் நான். படித்துவிட்டு வரட்டும்.

போன மாதம் அந்த வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பையனும் ஒரு பெண்ணும், கே.கே. நகரில் என் மகன் வீட்டுக்கு என்னைத் தேடி வந்தார்கள். கையில் ஒரு பாடம் அச்சடித்து வைத்திருந்தார்கள். திருவிழாவில் காணாமல் போன குழந்தைகளை ஒப்படைக்க எங்கள் சங்கம் வைத்திருந்த விதியைப் பற்றிய பாடம். அதைத் தலைமைக்கு உதாரணமாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் நிதானமாக வாசித்தாள். ‘தலைவர் தமது அதிகாரத்துக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். ஆட்சிக்குழு அதை ஏற்றது’ என்று இருந்தது.

“ஐயா, அந்தச் சமயத்துல நீங்க சங்கத்துல இருந்தீங்களாமே. கொட்டகையில உங்களுக்கு என்ன வேலைங்க?” என்று பையன் கேட்டான்.

“கொட்டகையே நான்தாம்பா,” என்றேன்.

“பாடத்துல உங்க பேரு இல்லீங்களே.”

“அந்த எல்லை எங்க வகுத்ததுன்னு போட்டிருக்கா?”

“இல்லீங்க.”

“கொட்டகை வாசல்ல. நான் குறுக்க நின்ன எடத்துல.”

காப்பி குடித்துக்கொண்டே அவர்கள் கேட்டார்கள். பாதிதான் எழுதிக்கொண்டார்கள். அதனால் முழுசையும் நானே எழுதுகிறேன்.

பாலக்கரைப் பக்கம் ரைஸ் மில் பாய்லர்களைப் பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் சின்ன வயசிலேயே சேர்ந்தேன். தகட்டோடு தகட்டைச் சேர்த்து, பழுக்கக் காய்ச்சிய ரிவிட்டை உள்ளே விட்டு, வெளியே இருந்து சம்மட்டியால் அடிப்பார்கள். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே உட்காருகிறவனுக்குச் சில வருஷத்தில் காது போய்விடும். எனக்கு இடது காது பாதிதான் மிஞ்சியது. காது போன ஆட்களோடுதான் நான் சாப்பிட்டேன், சண்டை போட்டேன், சினிமா பார்த்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

ஐம்பதுகளில் ஒரு ஏகாதசிக்கு சங்கத்தில் தண்ணீர் சுமக்கப் போனேன். மறு வருஷம் தண்ணீர்ப் பந்தலை என்னிடம் விட்டார்கள். அடுத்து வரிசை கட்டும் கயிறு, அடுத்து முதலுதவி. பட்டறையை விட்டுவிட்டு சங்கத்திலேயே அமைப்பாளராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். வீட்டில் அழுதார்கள். தெருவில் சிரித்தார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெபுடி கலெக்டராக இருந்து ரிடையரானவர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. ஊரே அவரை டெபுடி என்றுதான் சொல்லும். நாங்கள் ஐயா என்போம். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் “நல்லது” என்பார். ரொம்பக் கோபம் வந்தால் மேல்துண்டை மடித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு “நல்லது” என்பார். அந்த இரண்டாவது நல்லதுக்கு நாங்கள் நடுங்குவோம். ஏகாதசிக்கு முன்தினம் எல்லாத் தொண்டர்களையும் வரிசையாக நிறுத்தி, தானே ஒவ்வொருவர் கையிலும் சங்கத்தின் மஞ்சள் பட்டையைக் கட்டுவார். கட்டும்போது, “இது உன் கை இல்லை, சங்கத்தோட கை. யார் மேலயும் ஓங்கப்படாது” என்பார். ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தை. அவ்வளவு பேருக்கும் சொல்லி முடிக்கிறவரை நின்றுகொண்டே இருப்பார். அவர் இல்லாவிட்டால் சங்கத்துக்கு ஒழுங்கு என்பதே வந்திருக்காது. இதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

காணாமல் போன பிள்ளைகளுக்கான கொட்டகை மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றைக்கு வானத்தை முட்டி நிற்கிறதே ராஜகோபுரம், அது அப்போது அடித்தளத்தோடு நின்று மொட்டையாக இருந்தது. அடையாளம் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. முன்பக்கம் மேஜை, மைக், ஆள் மாறும் நேரத்துக்குத் தட்ட ஒரு சேகண்டி. நடுவில் சாக்குப் படுதா. உள்ளே பிள்ளைகளும், அவர்களைப் பார்த்துக்கொள்ள மங்களம் அம்மாவும். பொன்மலையில் ரயில்வே கார்டு வீட்டு அம்மா அவர். எந்தப் பிள்ளை அழுதாலும் மூக்கைத்தான் முதலில் துடைப்பார்.

நான் பொறுப்புக்கு வந்ததும் என் முறையில் நடத்தினேன். பிள்ளையைக் கேட்டு யார் வந்தாலும் படுதாவுக்கு இந்தப் பக்கமே நிற்க வைப்பேன். பிள்ளை என்ன உடுத்தியிருக்கிறது, காலையில் என்ன தின்றது, கடைசியாக என்ன பேசியது என்று கேட்பேன். ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையை உடனே கொடுத்துவிட மாட்டேன். பயந்த பிள்ளை தின்பண்டம் காட்டுகிற எவரிடமும் போகும். அழுகிற பிள்ளையை வைத்தும் முடிவு செய்ய மாட்டேன். அப்பனிடம் அடிவாங்கிய பிள்ளை அப்பனைப் பார்த்தே அழும். இதெல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வைத்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளையிடத்திலும் பெற்றவர்களுக்கு மட்டும் தெரியக்கூடிய ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து, அதை என் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வேன். மைக்கில் சொல்ல மாட்டேன். மேஜையில் இருக்கிறவருக்கும் சொல்ல மாட்டேன்.

மைக் விஷயத்தில் ஐயாவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ‘ஒரு பெண் குழந்தை இருக்கிறது, பெற்றவர்கள் வரவும்’ என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை.

“விவரம் சொல்லாட்டா தாயார் தகப்பனாருக்கு எப்படித் தெரியும்? பாவாடை நிறம், வயசு, எல்லாம் சொல்லு.”

“பெத்தவங்களுக்கு மட்டுமா ஐயா மைக் கேக்குது? எல்லார் காதுலயும்தான விழுது.”

“நல்லது. நீ எல்லாரையும் திருடன்னு நெனைக்கறே.”

மேல்துண்டு தோளில்தான் இருந்தது. அதனால் நான் அதோடு விட்டேன். அறிவிப்பு அவர் சொன்னபடியே நடந்தது.

இனி அந்த ஏகாதசி. அறுபதுகளின் தொடக்கம். சொர்க்கவாசல் திறந்து, விடிந்து, கூட்டம் கலைந்தும் கலையாமலும் இருந்த காலை வேளை. அம்மாமண்டபம் போகிற வழியில் தனியாக நின்றது என்று நம் தொண்டர் ஒருவர் ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வந்தார். ஐந்து வயசு இருக்கும். நீலப் பாவாடை, கண்ணாடி வளையல், கை நிறைய கடலை. அழவில்லை. பெயரைக் கேட்டால் சொல்லவில்லை. மங்களம் அம்மா மூக்கைத் துடைத்து, “பயந்திருக்கு, கொஞ்ச நேரம் போனா பேசும்” என்றார். மைக்காரர் நீலப் பாவாடை, கண்ணாடி வளையல் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மைக் கோளாறாகி ஊளையிட்டது. கொட்டகையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அலறின. எனக்கே பல் கூசியது. நீலப் பாவாடை மட்டும் கடலையை உரித்துக்கொண்டிருந்தது. உரித்த கடலையை ஒவ்வொன்றாகப் பாவாடை மடியில் வைத்தது. தலையைத் தூக்கவே இல்லை.

பட்டறை ஆளுக்கு இது போதும். அது உட்கார்ந்திருந்த பெஞ்சின் அடியில் விரலால் லேசாகத் தட்டினேன். சட்டென்று திரும்பிப் பார்த்தது. பார்த்த பார்வை என் கண்ணுக்குப் போகவில்லை. என் வாய்க்கும் கைக்கும் போனது. பாய்லருக்குள் உட்கார்ந்த ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். தலைக்குப் பின்னால் போய்க் கைதட்டினேன். அசையவில்லை.

“மங்களம்மா, இதுக்குக் காது கேக்கல. அதான் பேசவும் இல்ல.”

அவர் குழந்தையின் தலையைத் தொட்டார். “அடப் பாவமே. மைக்குல சொல்லிடலாமே தங்கவேலு. பெத்தவா ஓடி வருவாளே.”

“வேணாம்மா. இது ஒங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்.”

“ஐயாகிட்ட?”

“அவர்கிட்டயும் வேணாம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் வாக்குக் கொடுத்தார்.

மதியம் தாண்டியது. யாரும் வரவில்லை. அப்புறம் ஐயாவே நேரில் வந்தார். அவர் கொட்டகைக்கு நடந்து வருவது அபூர்வம். கூட ஒருவர். பஞ்சகச்சம், தோளில் சால்வை, நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. கண் கலங்கியிருந்தது. கும்பகோணம் பக்கம் என்றும், பெருமாளைச் சேவிக்கக் குடும்பத்தோடு வந்ததாகவும், நெரிசலில் குழந்தை கைநழுவிவிட்டது என்றும் ஐயாவிடம் சொல்லியிருக்கிறார். பேச்சு முழுக்க அடியேன்தான். பாசுரம் வேறு நடுநடுவே வந்து விழுந்தது. ஐயாவுக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. அந்தத் தெருக்களில் வளர்ந்த யாருக்கும் வரும். அந்தப் பேச்சு பேசுகிறவரை அங்கே யாரும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

“தங்கவேலு, இவர் குழந்தையோட தகப்பனார். நான் விசாரிச்சுட்டேன். குழந்தையை அழைச்சுண்டு வரச் சொல்லு.”

“சரிங்க ஐயா. எப்பவும் கேக்கறதக் கேட்டுட்டுக் குடுத்துடறேன்.”

“நான் விசாரிச்சுட்டேன்னு சொன்னேனே.”

“கொட்டகையில ஒரு தடவ கேக்கணுங்க.”

அந்த ஆள் முந்திக்கொண்டார். “கேக்கட்டும் ஸ்வாமி, அவர் கடமையைச் செய்யறார். நீலப் பாவாடை, கண்ணாடி வளையல். முழங்கால்ல பழைய தழும்பு ஒண்ணு இருக்கும்.”

பாவாடையும் வளையலும் மைக் சொன்னது. முழங்காலில் தழும்பு இல்லாத பிள்ளையை எங்கே பார்க்க முடியும்? அந்தப் பாவாடையில் வாழைக் கறை இருந்தது. துவைத்தாலும் போகாத கறுப்புக் கறை. தோட்டத்தில் தண்டு வெட்டுகிற இடத்தில் விளையாடும் பிள்ளைக்குத்தான் அது இருக்கும். இந்த மனிதரின் சால்வைக்கும் அந்தப் பாவாடைக்கும் ஒட்டவில்லை. ஆனால் ஒட்டவில்லை என்பதை வைத்து ஒரு தகப்பனைத் திருப்பி அனுப்ப முடியாது. அவர் உண்மையிலேயே தகப்பனாக இருந்தால் நான் செய்வது பாவம். இல்லை என்றால் அந்தப் பிள்ளை ஆற்றைத் தாண்டி, ரயிலேறி, எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. வாய் இல்லாத பிள்ளை. எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் ஊரைச் சொல்லாது.

“ஐயா, அவுட்போஸ்ட்ல போலீஸ்காரர் இருக்கார். அவர ஒரு நிமிஷம் கூப்புட்டுக்கலாங்களா?”

ஐயாவின் முகம் மாறியது. “கௌரவமான மனுஷரை, ஏகாதசி அன்னிக்கு, போலீஸ் முன்னாடி நிறுத்தறதா? வேண்டாம்.”

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. படுதாவுக்கு வெளியே பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

“பெத்தவன் வந்து நிக்கறான். புள்ளயக் குடுக்க என்னய்யா தடை?”

“இவரு பெரிய ஜட்ஜு. தீர்ப்புச் சொல்லுவாரு, உக்காந்து கேளுங்க.”

“கைல ஒரு துணியக் கட்டிட்டாப் போதும், ஊரே இவன்துதான்.”

ஐயா மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். நின்றபடியே மடித்தார். முழங்கால்மேல் வைக்க வழி இல்லாததால் இடது கையில் போட்டுக்கொண்டார். “நல்லது,” என்றார். “தங்கவேலு, பட்டையைக் கழட்டிக் கொடு. கொட்டகையை நான் பார்த்துக்கறேன்.”

இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமிருந்தும் பட்டையைத் திருப்பி வாங்கியதில்லை. நான் கழற்றினேன். முடிச்சு அவர் போட்டது, சீக்கிரம் அவிழவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். ஆனால் படுதாவுக்கு முன்னால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“பட்ட ஒங்களுது, குடுத்துட்டேன். ரெண்டே ரெண்டு கேள்வி, பட்ட இல்லாம தங்கவேலுவா கேக்கறேன். அப்புறம் நானே தூக்கிட்டு வந்து குடுக்கறேன்.”

உள்ளேயிருந்து மங்களம் அம்மாவின் குரல் வந்தது. “கேக்கட்டும் ஐயா. குழந்தை என் மடியில பத்திரமா இருக்கு.” அந்த அம்மா அன்றைக்குப் பேசாமல் இருந்திருந்தால், குழந்தையை எடுத்து வெளியே நீட்டியிருந்தால், நான் நின்றது வீண். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐயா தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

நான் அந்த ஆளைப் பார்த்தேன். “சாமி, கொழந்த பேர் என்னங்க?”

“ரங்கநாயகி.”

“இங்கேருந்தே கூப்புடுங்க.”

அவர் கூப்பிட்டார். நல்ல குரல். “ரங்கநாயகி, அம்மாடி, அப்பா வந்திருக்கேன் பார்” என்று உருக்கமாக, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கூப்பிட்டார். வெளியே நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். உள்ளே சத்தமில்லை.

“கோபமா இருக்கா,” என்றார் அவர். “அப்பா கையை விட்டுட்டாரேன்னு கோபம்.”

“இருக்கும்,” என்றார் ஐயா.

“சரிங்க. கைநழுவறதுக்கு முன்னால கொழந்த கடைசியா ஒங்ககிட்ட என்ன சொல்லிச்சு?”

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பிழைத்திருப்பார். “ராட்டினத்துல ஏத்தி விடுன்னு ஒரே பிடிவாதம் ஸ்வாமி. அவ வாய் ஓயாதே. ஆத்துல எல்லாரும் வாயாடின்னே கூப்பிடுவா. அப்பா அப்பான்னு வழியெல்லாம் தொணதொணன்னு...” குரல் தழுதழுத்தது.

பேச்சு சரியாகத்தான் வந்து விழுந்தது. ஆனால் இதை நான் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? பட்டை பிடுங்கப்பட்டவன், ஆத்திரத்தில் சொல்கிறான் என்பார்கள்.

மேஜையிலிருந்து சேகண்டியையும் அதை அடிக்கிற கொட்டாப்புளியையும் எடுத்தேன். படுதாவை முழுசாக ஒதுக்கிவிட்டேன். எல்லாருக்கும் குழந்தை தெரிந்தது. மங்களம் அம்மா மடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது. நான் காலை ஓங்கி வைக்காமல் மெல்ல நடந்துபோய், அதன் தலைக்குப் பின்னால் சேகண்டியைப் பிடித்து ஓங்கி அடித்தேன்.

மற்ற பிள்ளைகள் துள்ளி விழுந்தன. மங்களம் அம்மா தெரிந்திருந்தும் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு முறை அடித்தேன். நீலப் பாவாடை வளையலை உருட்டிக்கொண்டே இருந்தது.

சத்தம் அடங்கியபோது கூட்டமும் அடங்கியிருந்தது. ஐயா குழந்தையைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. சால்வை மட்டும் கூட்டத்துக்குள் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. தொண்டர்கள் ஓடினார்கள். தெற்கு வாசல் கூட்டத்தில் திருமண் இட்ட ஓர் ஆளைத் தேடுவது என்றால் எப்படி? வெறும் கையோடு திரும்பி வந்தார்கள்.

ஐயா என் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். முசிறிப் பக்கம், வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. புடவைத் தலைப்பெல்லாம் தூசி. மேஜைக்கு வந்ததும் பாவாடை, வளையல் எதையும் அவள் சொல்லவில்லை.

“எம் புள்ளைக்குக் காது கேக்காதுங்க, பேசவும் பேசாதுங்க. நீங்க மைக்குல கூப்புட்டீங்கன்னா வராதுங்க. அதான் தெருத் தெருவா நடந்தே தேடறேன். இங்க எதுவும் இருக்குதுங்களா?”

நான் படுதாவை விலக்கினேன். அவள் கூப்பிடவில்லை. குழந்தைக்கு முன்னால் சுற்றிப் போய் நின்று, மார்பில் ஒரு தட்டுத் தட்டிக் கையை நீட்டினாள். மடியில் சேர்த்து வைத்திருந்த கடலையெல்லாம் சிதற அது எழுந்து ஓடியது. மங்களம் அம்மா அழுதார். நான் மைக்காரர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு திருவிழாக் கதை. முடியவில்லை. ஏகாதசிக்குப் பிறகு வரும் இராப்பத்துத் திருநாட்கள் முடிந்ததும் ஐயா வீட்டுக் கூடத்தில் ஆட்சிக்குழு கூடியது. உறுப்பினர்கள் நாற்காலியில். நான் நின்றேன். கேள்வியை ஐயாவே கேட்டார்.

“குழந்தைக்குக் காது கேக்காதுன்னு உனக்குக் கார்த்தாலயே தெரியும்.”

“தெரியுங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா நீங்க அந்த ஆள்கிட்ட சொல்லியிருப்பீங்க ஐயா.”

ஓர் உறுப்பினர் எழுந்தார். “பார்த்துப் பேசுப்பா. யார்கிட்டப் பேசற?”

ஐயா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். “நான் சொல்லியிருப்பேன்னு நீ எப்படித் தீர்மானிச்சே?”

“ஒங்க நல்ல மனசு எனக்குத் தெரியுங்க. அந்த ஆள் அழுதுகிட்டு வந்ததும், ‘பாவம், காது கேக்காத குழந்தையாச்சே, எப்படித் தவிச்சிருப்பேள்’னு மொதல்ல ஆறுதல் சொல்லியிருப்பீங்க. அதுக்கப்புறம் எனக்குக் கேக்க என்னங்க இருக்கு?”

ஐயா தரையைப் பார்த்தார்.

“சொல்லியிருப்பேன்,” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. “அவன் தப்பிச்சுப் போனானே, அதுக்கு யார் பதில் சொல்றது? எனக்குத் தெரிஞ்சிருந்தா பின்னால ரெண்டு பேரை நிறுத்தியிருப்பேன். இன்னொரு ஊர்ல இன்னொரு குழந்தைகிட்ட அவன் போவான்.”

“போலீஸ்காரரக் கூப்புடலாம்னு கேட்டேங்க. வேணாம்னது நானில்லீங்க.”

“அது என் தப்பு. என் தப்பு உன் தப்பை அழிக்காது. எல்லாரும் பார்க்க சங்கத்தோட உத்தரவை மறுத்தே. நாளைக்கு ஒவ்வொரு தொண்டனும் தனக்கு ஒண்ணு தெரியும்னு வாசல்ல நின்னா, சங்கம் எங்கே இருக்கும்?”

“நான் மறுக்காம இருந்திருந்தா, அந்தப் புள்ள எங்க இருக்கும்ங்க?”

என் கேள்விக்குப் பதில் இல்லை என்பதால் அவர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது என்பது எனக்கும் அன்றைக்கே தெரிந்தது. ஐயாவே தீர்மானங்களைச் சொன்னார். ஒன்று, இனி மைக்கில் அடையாளம் எதையும் சொல்லக் கூடாது. கேட்டு வருகிறவரைக் குழந்தையின் கண்ணில் படாமல் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஓர் உண்மையைக் கொட்டகைப் பொறுப்பாளர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும், தலைவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. இது தலைவர் முன்மொழிந்து நிறைவேறியது. இரண்டு, உத்தரவை மீறியதற்காக அமைப்பாளர் தங்கவேலு கண்டிக்கப்படுகிறார். இதுவும் நிறைவேறியது.

ஒரே கூட்டம், ஒரே கை தூக்கல். நான் செய்ததை விதியாக்கினார்கள். செய்ததற்கு என்னைக் கண்டித்தார்கள். பட்டையை ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள். அடுத்த வாரமே வேலைக்குப் போனேன். அந்த விதிப்படி அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு பிள்ளைகூடத் தவறான கைக்குப் போனதில்லை. மற்ற ஊர்ச் சங்கங்களும் வந்து பார்த்துவிட்டுப் போய் அதையே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த விதியைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். சரி, பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் தலைவர் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார் என்று படித்தால், நாளைக்கு இவர்கள் போய் வேலை பார்க்கிற இடத்தில் தலைவர் எப்போது எல்லை வகுப்பார் என்று காத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்துக்குள் குழந்தை போய்விடும். ஐயா நேர்மையான மனிதர். உயிரோடு இருந்தால் இந்தப் பாடத்தை அவரே திருத்தச் சொல்லியிருப்பார்.

ஆகவே சங்கத்தின் இன்றைய ஆட்சிக்குழுவை நான் கேட்பது இது. கேட்பது என்றால் விண்ணப்பம் அல்ல. அந்தப் பாடத்தில், கொட்டகைப் பொறுப்பாளராக இருந்தவர் பாலக்கரை தங்கவேலு, அந்த முறை அவருடையது என்று அச்சடியுங்கள். வாக்கைக் காப்பாற்றி, குழந்தையை மடியை விட்டு இறக்காதவர் மங்களம் அம்மாள் என்றும் போடுங்கள். அந்தக் கண்டனத்தையும் மறைக்க வேண்டாம், சேர்த்தே போடுங்கள். கண்டனம் இன்றைக்கும் என் பேரில்தான் இருக்கிறது, அதை வேறு யாரும் கேட்டு வரவில்லை. விதியையும் அதே பேரில் எழுதுங்கள்.